எண்பது மைக்ரான்

மூலக்கடையில் அதை எடைக்குத்தான் போட்டார்கள்.
முந்நூற்றுப் பத்து கிலோ.
"மெஷின்னு பாக்காத சார், இரும்புன்னு எட்த்துனு போ."
மணலியில் மூடிப்போன பயிற்சிக்கூடத்தின் சொத்து எண்
பச்சைப் பெயின்டின் மேல் வெள்ளையாக இருந்தது.
மீன்பாடி வண்டி மூன்று இடத்தில் முனகியது.
கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் போய் முடியும்வரை
லேத்தும் நானும் பக்கத்தில் பக்கத்தில்
பெண் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் போல
பேச ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தோம்.

வீட்டில் மூளைப்பெட்டியைத் திறந்தேன்.
டிரைவ் கார்டின் மேல் ஒரு பல்லி,
சதை போய் எலும்பு மட்டும்,
இரண்டு முனையையும் தொட்டபடி.
கடைசி வகுப்பை நிறுத்தியது அதுதான் போலும்.
கார்டுகளை எடைக்கே திருப்பிக் கொடுத்தேன்.
பல்லியைத் தரவில்லை,
வாஷர் டப்பாவில் இருக்கிறது.

அவ்வளவு பெரிய பெட்டிக்குப் பதிலாக
உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகை,
ஸ்டெப்பர் மோட்டார் இரண்டு,
பர்மா பஜாரில் மீரான் பாய்
முகர்ந்து பார்த்துத் தேர்ந்த பவர் சப்ளை.
முதல் வாரம் முழுக்க
மாடியில் தண்ணி மோட்டார் போட்டால் போதும்,
தொடாத எல்லையைத் தொட்டுவிட்டதாக
நடுவழியில் நின்றுவிடும்.
வயரின் கவசத்தை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்ய வேண்டும்.
பதினொரு வருடத்துக்கு முன்பு
இதை நானே இன்னொருவனுக்குச் சொல்லியிருக்கிறேன்.

பதினொரு வருடம்.
ஏன் விட்டாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம்
முதுகைக் காட்டினேன், வலிக்கிறதென்று.
ஹார்பரில் கிரேன் ஏறுகிறவன் சொன்னால் நம்பிவிடுகிறார்கள்.
உண்மை பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது,
கிரீஸ் தோய்ந்த பனியனில் சுற்றி:
கைக்குள் அடங்கும் நீராவி இஞ்சினின் சிலிண்டர்.
துளை இருபத்திரண்டு மில்லி இருக்க வேண்டும்.
ஒரு ஞாயிறு மதியம்
டயலில் கோடுகளைத் தப்பாக எண்ணி
இருபத்திரண்டரைக்கு வெட்டிவிட்டேன்.
யாரும் பார்க்கவில்லை.
அதற்குத்தான் இவ்வளவும்.

ஸ்டான்லியில் இரவுப் பணி முடித்து வந்த ரெஜினா
உடுப்பு மாற்றாமல் குந்தி உட்கார்ந்து
காய்ச்சல் பார்க்கிறவள் போல டயல் கேஜைப் படித்தாள்.
"போவுது, போவுது, ம், நூறு."
திருப்பினேன்.
"முள்ளு நகரல."
மோட்டார் சுற்றுகிறது.
"நகரலங்க."
சுற்றுகிறது.
"ஆங், இப்ப."

எண்பது மைக்ரான்.
நேரே போகையில் பொய் சொல்லாத திருகு
திரும்பும்போது மட்டும்
கொஞ்ச தூரம் வெறுமனே சுழல்கிறது.
மரைக்கும் நட்டுக்கும் நடுவே தேய்ந்த இடம் அது.
அளந்து எழுதி வைத்தால் போதும்,
திரும்புகிற ஒவ்வொரு முறையும்
அந்த அளவு கூடுதலாகச் சுற்றிக்கொள்ளும்.
எழுதி வைத்தேன்.
என்னுடைய எண் எவ்வளவென்று தெரியவில்லை.
இந்த மாதத்தில் மட்டும் மூன்று டூல் பிட்டைத்
தலைகீழாகத் தீட்டியிருக்கிறேன்.

தூக்கிப் போடத்தான் டின்னைத் திறந்தேன்.
துடைத்து அளந்தபோது
துளை சுற்றிலும் ஒரே சீராக இருந்தது,
இருபத்திரண்டு புள்ளி ஐந்து ஒன்று.
தப்பைக்கூட அன்றைக்கு நன்றாகத்தான் செய்திருக்கிறேன்.
வரைபடத்தில் பிஸ்டனின் அளவை அடித்துவிட்டு
பென்சிலால் புதிய எண்ணை எழுதினேன்.

கடைசி வெட்டு பாதியில் இருக்கும்போது
மாடியில் மோட்டார் போட்டார்கள்.
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
லேத் நிற்கவில்லை,
நீல நிறத்தில் ஒரு சுருள்
ட்ரேயில் விழுந்துகொண்டே இருந்தது.

எண்ணெய் தொட்டுப் பிஸ்டனைச் சிலிண்டருக்குள் விட்டேன்.
அடிமுனையை விரலால் அடைத்தேன்.
அது இறங்காமல் காற்றின் மேல் நின்றது.
ரெஜினா தூங்கிக்கொண்டிருந்தாள்.
எழுப்பலாமா வேண்டாமா என்று
விரலை எடுக்காமல்
உட்கார்ந்திருந்தேன்.